பெருச்சாளியின் மூக்கு

ஓர் ஊரில், ஊர் என்றா சொன்னேன், ஒரு புளியந்தோப்பில், நிறைமாதத்து அணில் ஒருத்தி இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகச் சேர்த்த நூறு நிலக்கடலையையும் பெருச்சாளி அண்ணனிடம் கொடுத்து வைத்திருந்தாள். அவர் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. மழை வாசம் அடித்தால் கடலையை வாயில் கவ்வி, வளையிலிருந்து மரப்பொந்துக்கு ஏற்றுவார். காக்கை வாசம் அடித்தால் மறுபடி வளைக்கு இறக்குவார்.

நாள் நெருங்கியதும் அணில் கேட்கப் போனாள்.

"ஒன்பது தடவை மாத்தினேன் தங்கச்சி. ஏழு தடவை மூக்கு சொன்னபடியே நடந்துச்சு" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

"மத்த ரெண்டு தடவை?"

"மூக்கு ஏமாந்துருச்சு. ஒரு தடவை மழை, ஒரு தடவை காக்கா. இருபது போச்சு."

"அப்ப எண்பது இருக்குமே."

"அறுபதுதான் இருக்கு. நான் ஒண்ணுகூடத் தின்னலம்மா."

அவர் தின்றிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். வளையிலிருந்து மரம்வரை, கோடு போட்டதுபோலக் கடலைச்செடி முளைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதிர்மரத்து அக்காவும் நூறுதான் வச்சா. பாதி மேலே, பாதி கீழே வச்சிட்டுத் தூங்கினா. எழுபது இருக்காம்."

பெருச்சாளியின் மீசை தொங்கிப்போனது.

"உங்க மூக்கு நல்ல மூக்குதாண்ணே. வாய்தான் ஓட்டை வாய்."

நாற்பதைத் தன் கூட்டுக்குக் கொண்டுபோக முடிவுசெய்தாள். இருபதை அவரிடமே விட்டாள். "இதையாவது இருக்கிற இடத்துல இருக்க விடுங்க."

"சரிம்மா" என்றவர், மூக்கை உயர்த்தினார். "ஆனா, காக்கா வாசம் அடிக்குதே."

அணில் வாயில் கடலையைக் கவ்விக்கொண்டு, செடிகளை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.