கார் இருந்த மூலை

துளசி ஆசை ஆசையாய் வாங்கிய புது கேம், இரண்டு நாளாக டவுன்லோடு ஆகி, தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது.

"இடம் பத்தல," என்றது ஹார்ட் டிஸ்க்.

திரை மூலையிலிருந்த பழைய கார் கேம், "அப்போ நான் போறேன்," என்றது.

"போனா திரும்ப வர முடியாதுடா! நீ வந்த வெப்சைட்டையே மூடிட்டாங்க," என்று பதறியது மவுஸ்.

"துளசி பத்து வருஷம் என்னோட விளையாடினா. இப்ப புதுசு கேக்குறா," என்றது கார் கேம்.

துளசி பழையதை அழித்தாள். புதியது முழுதாக இறங்கியது. ஆவலோடு திறந்தாள்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல நான் ஓட மாட்டேன். வேற வாங்குங்க," என்றது அது.

துளசி பழக்கதோஷத்தில் மவுஸை, கார் இருந்த மூலைக்கு நகர்த்தினாள்.

மவுஸ் வெறும் திரையில் இரண்டு முறை க்ளிக் செய்தது.