கைதட்டும் கூட்டம்

சடையன் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவியில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

நேற்று வேறொருத்தி அழுதாள். முந்தாநாள் ஒரு தாடிக்காரன்.

காலையிலிருந்து மரமேறிப் புளி உலுக்கிய கை, தோளோடு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பெண்டாட்டி முனியம்மா டிவிக்கு முன்னால் புளியைக் கொட்டிவைத்துக்கொண்டு கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

என்ன கருமமோ, எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதுதான். பாடினால் மார்க். ஆடினால் மார்க். குழம்பு வைத்தால் மார்க். புருஷனும் பெண்டாட்டியும் மேடையேறிச் சண்டை போட்டால் அதற்கும் மார்க். மார்க் போடுகிறவர்களும் நடுநடுவே அழுகிறார்கள். மரமேறிப் புளி உலுக்குகிறவனுக்கு மட்டும் எவனும் மார்க் போடுவதில்லை.

ஒன்று முடிந்தால் அடுத்த சேனலில் இன்னொன்று. முனியம்மா ஒன்றையும் விடமாட்டாள்.

சரி, பாட்டையாவது ரசிக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. பாடும்போது குனிந்து கொட்டை எடுப்பாள். கூட்டம் கைதட்டும்போது மட்டும் வெடுக்கென்று நிமிர்வாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட அவனுக்குச் சந்தேகம்.

மகன் போனதிலிருந்துதான் இப்படி.

கிளை முறிந்து ஒருமுறை விழுந்ததிலிருந்து மணிவேலுக்கு மரமென்றால் பயம். பயந்தாங்கொள்ளிக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்று போன புளிக்காலத்தில் சடையன் விரட்டினான். ஏதோ கோபத்தில் சொன்னது. பையன் அன்றைக்கே ஆலங்காயம் பஸ் ஏறிப் போனவன்தான், வரவில்லை.

அதற்குப் பிறகு முனியம்மா இவனோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அவள் பேச்சையெல்லாம் இந்தப் பெட்டி தின்றுவிட்டது என்று அவன் நினைத்தான்.

அவள் பேச வேண்டும். திட்டினால்கூடப் போதும்.

டிவியில் அழுகை ஓய்ந்து, பாட்டும் முடிந்து, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முனியம்மா முழங்காலாலேயே நகர்ந்து திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்விட்டாள். இவன் வந்து நிற்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சடையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. படம் அணைந்தது.

முனியம்மா இருட்டான திரையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். அவள் கையிலிருந்த புளிப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டியது.

“மணிவேலு மெட்ராஸ்ல டிவிக்காரங்களாண்ட கைதட்ற வேலைக்குப் போறானாம். எதுத்த வூட்டுப் பழனி போய்ட்டு வந்து சொன்னான். எந்த டிவின்னு அவனுக்கும் தெரில. அதான் எல்லாத்தையும் பாக்குறேன்.”

இத்தனை நாளில் அவள் இவ்வளவு பேசியது இதுதான்.

சடையன் ஒயரைத் திரும்பச் சொருகப் பார்த்தான். அவசரத்தில் ஓட்டை பிடிபடவில்லை. ஒருவழியாகப் படம் வந்தபோது பற்பசை விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் மேடை, விளக்கு, அடுத்துப் பாட வந்த பையன். கூட்டத்தைக் காட்டவே இல்லை.

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மெல்லக் கேட்டான்.

“இளைச்சிட்டானா?”

முனியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னிக்குதான் அவனாட்டம் ஒரு தலை தெரிஞ்சிது. மூஞ்சியத் திருப்பறதுக்குள்ள புடுங்கிட்டியே.”