நான்காவது ஆல்பம் ஓடாத வீடு

ஞாயிறு காலை என்றால் அந்த வீட்டில் இசைக்குழுவின் முதல் மூன்று ஆல்பங்களும் வரிசையாக ஓடியாக வேண்டும். நான்காவது ஓடாது. நான்காவதில் பாடகர் மாறிவிட்டார்.

மாறுவதற்கு முன் பாடியவர், அந்த ஆல்பங்களைப் போட்டுக் கேட்கிற அவளுடைய வீட்டுக்காரர். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். பேசலாம், பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பின்னால் வந்தவனுக்கு வீட்டில் 'புதுசு' என்று பெயர். அவன் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

"அடுத்த மாசம் உங்க குழுவோட வெள்ளி விழாவாம். பாட்டு லிஸ்ட் பார்த்தீங்களா? உங்க பாட்டு ஒண்ணுகூட இல்ல."

"என் பாட்டை அவன் என்னிக்குப் பாடினான்?" என்றார் அவர், கரகரவென்று. "திமிர். விடு."

விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஒத்திகை அறைக்குப் போனாள்.

நாலு சின்தசைசர்களுக்குப் பின்னால் கீபோர்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். குழுவை ஆரம்பித்தவர். தரையில் புதுசு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, எங்க வீட்டுக்காரர் பாட்டைப் பாடினா உன் வாய் வெந்துபோயிடுமா?"

"எனக்கு அதெல்லாம் வராது, அண்ணி."

"வராதா? நாய் குரைச்சாலே அதுக்கு மெட்டுப் போடறவன் நீ! அவரால இனிமே முடியாது. நீயும் பாடலைன்னா அந்தப் பாட்டெல்லாம் இனி எந்த மேடையிலயும் கேட்காது. அவர் அளவுக்கு வராதுன்னு பயம். ஒத்துக்க மனசில்ல."

"ஆமா அண்ணி, அதான்." இன்னொரு சுற்று சுற்றினான்.

கீபோர்டு அண்ணன் எழுந்தார். "போதும்டா. எத்தனை நாளைக்கு இப்படித் திட்டு வாங்குவ?"

"வேணாம்ணே. அண்ணி வீட்ல சண்டை வரும்."

அவர் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, ஒரு ஃபைலிலிருந்து பழுத்துப்போன தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உன் வீட்டுக்காரர் விலகினப்போ எங்ககிட்ட எழுதி வாங்கினதும்மா. படி."

'முதல் மூன்று ஆல்பங்களில் நான் பாடிய எந்தப் பாட்டையும், எனக்குப் பின் வருபவர் எந்தக் காலத்திலும் மேடையில் பாடக் கூடாது.'

கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் குழுவினர் கையெழுத்து.

அவளுக்குக் காது சிவந்தது.

"இந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! அப்பவே என் கண்ணுல பட்டிருந்தா சுக்குநூறாக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

புதுசு சுற்றிய ஒயரையே மறுபடி பிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் தாளின் அடியைப் பார்த்தாள்.

'சாட்சி' என்று போட்டிருந்த இடத்தில், கான்வென்ட் சிஸ்டர்கள் ஸ்கேலால் அடித்தடித்துத் திருத்திய சாய்வெழுத்தில், படித்துக்கூடப் பார்க்காத அவசரத்தோடு, அவளுடைய கையெழுத்து இருந்தது.