எச்சரிக்கையில் இல்லாதது

வேங்கிக்கால் வீட்டு டிவியில் அந்த அலுவலக நகைச்சுவைத் தொடர் தொடங்கும் முன் எச்சரிக்கை வந்தது.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் பாகுபலி.

"பதினாறு வயசுக்கு மேலதான் பாக்கணுமாம். கெட்ட வார்த்தை, சிகரெட், குடி எல்லாம் இருக்காம்." மகள் சன்மதி ரிமோட்டை விடவில்லை. "உங்களுக்கு வேணாம்ப்பா."

"நானும் ஆபீஸ்ல காலம் தள்ளினவன்தான். நான் கேக்காத கெட்ட வார்த்தையா? போடும்மா."

எச்சரிக்கையில் சொல்லாத ஒன்றைச் சன்மதி முன்பே பார்த்திருந்தாள். வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்தினாள்.

திரையில், ஓவர்டைம் பார்க்கும் குமாஸ்தா டிபன் டப்பாவைத் திறந்து கோழிக்காலைக் கடித்தான்.

பாகுபலியின் முகம் வெளுத்தது. சமணக் குடும்பம், முட்டைகூட வாசல்படி தாண்டியதில்லை. உடனே போனை எடுத்தார்.

குமாஸ்தாவாக நடித்தது அவர் மகன் பவன்.

"அப்பா, அது சோயாவுல செஞ்சதுப்பா!" எடுத்ததுமே பதறினான் பவன்.

"கோழிய நீ தொடமாட்டன்னு எனக்குத் தெரியாதா? ஜன்னல்ல இருட்டு தெரியுதேடா! பொழுது சாஞ்சப்புறம் நம்ம வீட்ல யாராவது சாப்பிடுவாங்களா?"

"பட்டப்பகல்லதாம்ப்பா எடுத்தாங்க. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தாங்க."

பாகுபலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அதை மொதல்ல போடச் சொல்லுடா, அந்த எச்சரிக்கையில!"