மலையிறங்கிய காமா கதிர்

காமா கதிர் ஒன்று காற்றில் மோதினால் துகள்கள் மழையாகச் சிதறி விழும். லா பாஸ் நகருக்கு மேலே உள்ள மலையில், தரையெங்கும் பெட்டிகளைப் பரப்பி அந்தத் துகள்களைப் பிடித்து, கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. சமீபத்தில், இதுவரை யாரும் காணாத ஒரு திசையிலிருந்து கதிர்கள் வர, திரையில் புதிய புள்ளி ஒன்று சிக்கியது. இயக்குநர் பால்டிவியேசோ அதற்குத் தன் பெயரையே சூட்டி, விழாவுக்கு அமைச்சரையும் அழைத்துவிட்டார். பிறகுதான் கவனித்தோம். நட்சத்திரங்கள் எல்லாம் உதித்து மறைந்தன. அந்தப் புள்ளி மட்டும் நகராமல் வானத்தின் உச்சியிலேயே நின்றது.

"இது நட்சத்திரமில்ல, கோளாறு. எல்லாம் இந்த ரூஃபினா வேலை. வெள்ளிக்கிழமையானா பூமித்தாய்க்குன்னு பெட்டிக்குப் பெட்டி சாராயம் தெளிச்சா, கம்பி கெடாம என்ன செய்யும்?" என்றார் இயக்குநர்.

"போன மாசம் நீங்களும்தான் தெளிச்சீங்க டாக்டர். பாதியக் குடிச்சுட்டுத் தெளிச்சீங்க," என்றாள் கம்பிகளைக் கவனிக்கும் ரூஃபினா.

அதோடு அவள் வேலை போயிற்று.

மதியம், அவள் ஊர் திரும்ப வேண்டிய பஸ் மலையிலிருந்து கிளம்பியது. திரையில் அந்தப் புள்ளியும் உச்சியை விட்டு நகர்ந்து, சாலையின் வளைவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

"பாத்தீங்களா? கோளாறு பஸ் ஏறிப் போகுது," என்று இயக்குநர் சிரித்தார்.

கதவைத் திறந்துகொண்டு ரூஃபினா உள்ளே வந்தாள்.

"மூட்டையைக் கட்டிட்டு வர்றதுக்குள்ள பஸ் போயிடுச்சு. நீங்களே கொண்டுபோய் விடுவீங்களா டாக்டர்?"

அப்போது தொலைபேசி ஒலித்தது. பஸ் ஓட்டுநர்.

"நீங்க ஏத்திவிட்ட அந்தம்மா வாயே திறக்கல சார். எங்க இறங்கணும்னு கேட்டா, கையை மேல வானத்தப் பாத்துக் காட்டுது."