வீட்டிலிருந்து பள்ளிக்கு

மூன்றாம் பருவத்தில் மூன்றாம் வகுப்புக்கு முதல் பாடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி வரைவது. அடுத்தது சொந்த முகவரி எழுதுவது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் குடியிருந்த கால்வாய்க் கரை வீடுகளை அரசு இடித்த மறுவாரம் லில்லி மிஸ் வழி வரையச் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்துப் பாலத்தோடு பென்சிலை நிறுத்திக்கொண்டார்கள். மோனிஷா மட்டும் பாலத்தைத் தாண்டிப் போய், வெற்றிடத்தில் ஒரு நாயைப் படுக்கவைத்தாள்.

“வீடு எங்கம்மா?”

“இட்ச்சிட்டாங்க மிஸ். எங்க டைகரு இன்னும் அங்கியேதான் பட்த்துனுகீது.”

மிஸ் அடுத்த பாடத்தைப் புரட்டினார். மோனிஷா எழுந்து நின்றாள்.

“அட்ரஸ் எனக்குத் தெரியும் மிஸ்.”

கண்ணை மூடிக்கொண்டு, பழைய கதவு எண்ணிலிருந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தெருவின் பெயர் வந்ததும் வகுப்பே சேர்ந்துகொண்டது.