எட்டு வரிசையைக் காணோம்

“இந்தப் போஸ்டர்ல கை வெச்சது யாரு?”

பேராசிரியர் போட்ட சத்தத்தில், பிரிண்டிங் கடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டிசைன் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தாள்.

“நான்தான் சார். ஏன், கலர் சரியில்லையா?”

“கலரா?”

பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவி போஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய நாலு வருட உழைப்பு மேஜை மேல் விரிந்து கிடந்தது. மதியம் தேர்வுக் குழு போஸ்டரைப் பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் ஆராய்ச்சியைத் தொடர இடம் கிடைக்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல்தான் எரிந்தது.

“அக்கா, நடுவுல மணி கோத்த மாதிரி ஒரு படம் இருந்துச்சே? ஒரே வரிசை திரும்பத் திரும்ப ஒன்பது தடவை வருமே? மீதி எட்டு எங்கே?”

“அட, அதைக் கேக்கறியா!” அக்காவின் முகம் மலர்ந்தது. “அரைத் தூக்கத்துல ஒண்ணையே ஒட்டிக்கிட்டுப் போயிட்டே போலிருக்கு. பிறந்தநாள் பேனருக்குக்கூட ஒரே போட்டோவை நாலு தடவை அனுப்பி வைப்பாங்க. நாங்கதான் பார்த்து எடுப்போம். அதான் எட்டைத் தூக்கிட்டு, மிச்சம் ஒண்ணைப் பெரிசாக்கி நடுவுல வெச்சேன். இப்பப் பளிச்சுனு இல்ல?”

நாலு மூலைக்கும் நாலு ரோஜாப்பூ வேறு.

“பளிச்சுனுதான் இருக்கு. ஆராய்ச்சியைத்தான் காணோம்!” என்று பல்லைக் கடித்தார் பேராசிரியர்.

“அது பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கற புரதம்க்கா,” என்றாள் மாணவி. நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் வைத்தாள். “ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். அதே வரிசை திரும்பத் திரும்ப வர்றது தப்பே இல்ல, அதோட அமைப்பே அப்படித்தான். நம்ம உடம்பு அதை அடையாளம் வெச்சு அடிக்க வந்தா, நாலஞ்சு வரிசையை உதிர்த்துட்டு வேஷம் மாத்தித் தப்பிச்சிடும். எத்தனை வரிசைன்னு கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷம் கண்ணு பூத்துப்போனேன். நீங்க ஒரே அமுக்குல எடுத்துட்டீங்க!”

“ஐயையோ!” அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஒரே மாதிரி வந்தா தப்புன்னுல்ல நெனச்சேன். ஒரு கிருமி இவ்வளவு கேடியா இருக்கும்னு எனக்கென்னம்மா தெரியும்?”

“தெரியலைன்னா தொடக் கூடாது!” பேராசிரியர் மேஜையைத் தட்டினார். “படிச்சவங்க வேலையில படிக்காதவங்க மூக்கை நுழைச்சா இப்படித்தான் ஆகும். என் பேர் போட்டு ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகணும்னாலும் எழுத்து எழுத்தாப் பார்ப்பேன் நான்.” அப்படியே மாணவி பக்கம் திரும்பினார். “உன்னையும்தான் சொல்றேன். பொறுப்பு வேணாம்?”

அவரிடம் பதில் பேச முடியுமா? அவளுக்கு வந்த கோபமெல்லாம் அக்கா மேல் பாய்ந்தது.

“பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி ப்ரூஃப் அனுப்புவீங்கதானே? பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தானே மெஷின்ல ஏத்துவீங்க? இதுக்கு ஏன் அனுப்பல?”

அக்கா வாயைத் திறந்தாள். பேராசிரியரைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, “மறந்துட்டேன்மா. தப்பு என்னோடதுதான்,” என்றாள்.

“மறக்கற விஷயமாக்கா இது? என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு!”

“திட்டும்மா, நல்லாத் திட்டு. ஆனா பக்கத்துல உட்கார்ந்து திட்டு. கையோட சரி பண்ணிடலாம்.”

“நான் ஹாலுக்குப் போறேன். நீ வாங்கிட்டு வந்து சேரு,” என்ற பேராசிரியர், யாரோ துரத்துகிற மாதிரி படியிறங்கிப் போய்விட்டார்.

மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் ஒவ்வொரு வரிசையாகச் சொல்லச் சொல்ல, அக்கா மணி பிசகாமல் கோத்தாள். பூக்களை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

“ஒரு பூவாவது இருக்கட்டுமேம்மா?”

“அக்கா!”

“சரி, சரி.”

ஒன்பது வரிசையும் திரையில் வந்து நின்றன.

“இந்தத் தடவை ப்ரூஃபை எனக்கே அனுப்புங்க,” என்றாள் மாணவி.

அக்கா போனை எடுத்துத் திறந்தாள். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியர் பெயருக்குக் கீழே, ஒற்றை வரிசையும் நாலு ரோஜாவுமாக அதே போஸ்டர். அதற்கும் கீழே அவர் அனுப்பிய குரல் பதிவு. அக்கா மறைப்பதற்குள் அவள் விரல் அதைத் தொட்டுவிட்டது.

“ஒவ்வொரு மணியா எண்ணிப் பார்த்துட்டேம்மா. ஒரு தப்பும் இல்ல. பிரமாதம்! பிரிண்ட் போட்டுடுங்க.”

அவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

“சாருக்கு அனுப்பியிருக்கீங்க. அவரும் சரின்னு சொல்லியிருக்கார். அப்புறம் அவ்வளவு திட்டையும் எதுக்குக்கா வாங்கினீங்க? அவர் முன்னாலேயே இதைப் போட்டுக் காட்டியிருக்கலாமே!”

அக்கா மெஷினைத் தட்டிவிட்டாள். காகிதம் மெல்ல இறங்கத் தொடங்கியது.

“போட்டுக் காட்டியிருந்தா எனக்கு விழுற திட்டு அதோட நின்னிருக்கும்மா. உனக்கு அங்கேதான் ஆரம்பிச்சிருக்கும்.”